வண்டி ஏன் வரவில்லை என்றால்

மகனே, நீ இப்போது கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புது வண்டிக்குப் பக்கப் பெட்டி மாட்டிக்கொண்டிருக்கிறாய். ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உன் முதுகு தெரியும். பதினாறு படி இறங்கி வந்து வாயால் சொல்ல வேண்டியதை மேலே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், உன் அப்பா எப்பேர்ப்பட்ட வீரன் என்று தெரிந்துகொள். மூன்று நாளாக உன் பக்கத்தில் வந்து நின்று, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். நேற்று நாலாவது தடவை கேட்டபோது நீயே சிரித்துவிட்டாய். நீ சிரித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதைக் கெடுக்க மனசு வராமல் படியேறி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நீ கிளம்புகிறாய். தனியாகப் போகிறாய். உன் கூட்டாளி தாமு போன அதே வழியில் போய், அவன் விழுந்து கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வடக்கே அவன் பார்க்காமல் போன பனிமலையையும் பார்த்துவிட்டு வருவதாக அம்மாவிடம் சொன்னாய். அம்மா அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா சம்மதித்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டாய். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் நீ அந்த ரோட்டில் கால் வைக்கக் கூடாது. இதைச் சொன்னால் உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். உன்னை நீயே தண்டித்துக்கொள்ளப் போகிறாய் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது உன் சைக்கிள் வாரத்துக்கு ஒரு தடவை காற்றுப் போய் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? குவார்ட்டர்ஸ் பையன்கள் எல்லாம் சனிக்கிழமை பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போவார்கள். நீ மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போவாய். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, ஓட்டையே இல்லையே என்று தலையைச் சொறிவார். வால்வைத் திறந்து காற்றை இறக்கியது நான்தான். ஏரியில் ஆழம் அதிகம், போகாதே என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நான் பொல்லாத அப்பா ஆகிவிடுவேன். காற்றை இறக்கினால் சைக்கிள்தான் பொல்லாதது. இந்தப் புத்தி எனக்கு அப்போதே இருந்தது. யாரும் கண்டுபிடிக்காததால் நல்ல புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். மலை ஏறுகிற அந்த உயரமான வண்டியை நீ பதிவு செய்தபோது, எங்கள் தொழிற்சாலைக்காரர்களுக்கான ராணுவக் கேன்டீன் வழியாக வாங்கலாம், வரி குறையும் என்று சொன்னவன் நான். நீ சம்மதித்தாய். நீ சந்தோஷப்பட்டதைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் அப்படி வாங்குவதென்றால் கார்டு என்னுடையது, கையெழுத்து என்னுடையது, வண்டியும் என் பெயரில். ஷோரூமிலிருந்து போன் வந்தாலும் எனக்குத்தான் வரும். எல்லாம் என் கைக்குள் இருக்கும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் எனக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீயும் தாமுவும் அந்த வண்டிக்காகக் காத்திருந்த மாதிரி நான் எதற்கும் காத்திருந்ததில்லை. உன் பழைய வண்டியை உன்கூட வேலை செய்யும் பையனுக்குக் கொடுத்துவிட்டு, ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினாய். புது ஹெல்மெட்டைப் பெட்டியோடு பீரோ மேலே வைத்து, அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாய். தாமு தன்னுடைய வண்டியை அதற்கு முந்தின வருஷமே எடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நூம்பலிலிருந்து அதில் வந்து நம் வாசலில் நிற்பான். அவனுடைய தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகை வீடு கட்டி விட்டிருந்தார்கள். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனான். ஆனி மாதத்தில் அவன் கம்பெனியில் மெஷின்களை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கிற இரண்டு வாரம்தான் அவனுக்குச் சேர்ந்தாற்போல் லீவு. அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் இரண்டு பேரும் வரைபடம் வைத்துக் கணக்குப் போட்டீர்கள். ஒருத்தன் முன்னால் போவது, ஒருத்தன் பின்னால் வருவது, கால் மணிக்கு ஒரு தடவை முன்னால் போகிறவன் நின்று பின்னால் வருகிறவன் கண்ணில் படுகிறானா என்று பார்ப்பது. அதை நீங்கள் என் எதிரில் உட்கார்ந்துதான் பேசினீர்கள். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதல் ஷிப்டுக்குப் போகும்போது வெளிவட்டச் சாலைப் பக்கம் தார் ரோட்டில் சாக்பீஸால் வரைந்த வட்டங்களைப் பார்ப்பேன். முந்தின நாள் யாரோ விழுந்திருப்பார்கள். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். தொழிற்சாலைக்குள் போய் உட்கார்ந்தாலும் அந்தச் செருப்பு கண்ணை விட்டுப் போகாது. இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பயமாக இருக்கிறது, போகாதே என்று ஒரு அப்பன் சொன்னால் மகன் கேட்பானோ மாட்டானோ, அது வேறு. சொல்லியிருக்க வேண்டும். நீ சண்டை போட்டிருப்பாய். சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாய். அதுகூடத் தேவலை.

வைகாசி கடைசியில் கேன்டீனிலிருந்து ஆணைக் கடிதம் வந்தது. அதைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஷோரூமில் கொடுத்தால் வண்டியை விடுவார்கள். நாள் தாண்டினால் கடிதம் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம். கடிதத்தை வாங்கினேன். படித்தேன். தொழிற்சாலையில் என் லாக்கரில், மாற்றுச் சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆனி முடியட்டும், தாமு லீவு முடியட்டும், அதோடு ஆசையும் அடங்கிவிடும், பிறகு மறுபடியும் விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஷோரூமிலிருந்து இரண்டு தடவை போன் செய்தார்கள். சார், வண்டி வந்து நிற்கிறது, ஆர்டர் மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள். இன்னும் வரவில்லை என்றேன். நாள் தாண்டிய பிறகு நமக்கு ஒதுக்கிய வண்டியைத் திருநின்றவூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவன் நான். ஒரு மயிரிழை குறைந்தால் கூட முத்திரை போட மாட்டேன் என்று என்னைப் பற்றி ஒரு பேர் உண்டு. அந்த மனுஷன்தான் தினமும் அந்த லாக்கரைத் திறந்து, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் தாமு வந்தான். நீ குளித்துக்கொண்டிருந்தாய். வண்டியை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டான்.

"இன்னா நைனா, உங்க கேன்டீன்காரன் தூங்கிகினு கீறானா? மச்சானுக்கு வண்டி வருமா, வராதா?"

"வரும்ப்பா. கவர்மெண்ட் சமாச்சாரம், அப்படித்தான் இழுக்கும்."

"லீவு போட்டாச்சு நைனா. தள்ளி வைக்கவும் முடியாது. இவன் கூட இல்லாம போறதுக்கு எனுக்கே ஒரு மாதிரியா கீது."

அவன் அப்படிச் சொன்னபோதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் கூட நாள் இருந்தது. நான் அவனுக்கு டீ போட்டுத் தரச் சொன்னேன். அவன் குடித்துவிட்டுப் போனான். பின்னால் ஏறிக்கொள் என்று அவன் உன்னைக் கூப்பிட்டதும், சொந்த வண்டியில்தான் வருவேன், பின்னால் உட்கார்ந்து மலை ஏற மாட்டேன் என்று நீ வீம்பு பிடித்ததும் எனக்குத் தெரியும். அந்த வீம்பைத்தான் நீ இன்று வரைக்கும் நினைத்து நினைத்துச் சாகிறாய். உன் வீம்பு கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் ஒரு பூட்டு இருந்தது.

தனியாகக் கிளம்பிப் போன தாமு, மூன்றாம் நாள் காலை நாக்பூரைத் தாண்டி, வேலை நடக்கிற இடத்தில் ரோடு பிரிந்ததைக் கவனிக்காமல் பள்ளத்தில் விழுந்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளம். போன் எங்கேயோ தெறித்துவிட்டது. வெயில் ஏறிய பிறகு ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்துச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் உயிர் இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே டாக்டர் சொன்னதை, அவனைக் கொண்டுவரப் போன நீ திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாய். கால் மணிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்க ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நூம்பலில் அவனைக் கிடத்தியிருந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் நின்றோம். தாமுவின் அம்மா உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட போயிருந்தா ஒரு வாய் தண்ணியாவது குட்த்திருப்பியேடா" என்று கேட்டாள். நான் உனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் பிடித்திருக்க வேண்டிய சட்டை என்னுடையது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாலு பேர் என்னை அடித்திருப்பார்கள், அடி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டதை நீ சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாய். அதற்குப் பிறகு நீ சாப்பிட்டதும் தூங்கியதும் எப்படி என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. வண்டி வராமல் போனது கருமாரியம்மன் செயல் என்று உன் அம்மா நம்பினாள். அவள் புருஷனின் செயல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வந்திருந்தால் நம் பிள்ளையும் போயிருப்பான், ஆத்தா தடுத்து வைத்தாள் என்று திருவேற்காட்டில் பொங்கல் வைத்தாள். வெயிலில் அடுப்பு மூட்டிய அவளுக்கு நான் சுள்ளி எடுத்துக் கொடுத்தேன். பொங்கலை என் கையில் வைத்து, சாமி நம்மைக் கைவிடவில்லைங்க என்றாள். சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியது. எனக்கு இறங்காது என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகும் நீ பதிவை ரத்து செய்யவில்லை. வேண்டாம்டா என்று அம்மா காலில் விழாத குறையாகச் சொன்னாள். மறுபடியும் விண்ணப்பம் போடுங்கப்பா என்று மட்டும் என்னிடம் சொன்னாய். போட்டேன். உனக்கு மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை நீ ஹெல்மெட்டைத் துடைக்கவில்லை. வண்டி எப்போது வரும் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது ஆணை வந்தது. வந்த அன்றைக்கே பாதி நாள் லீவு போட்டு ஷோரூமுக்குப் போனேன். நான் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து அயப்பாக்கம் வீட்டுக்கு வந்த பிறகு, போன வாரம், வண்டியை எடுக்க வரச் சொன்னார்கள்.

அன்று ஷோரூமில் நடந்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. சிவப்புத் துணி போட்டு மூடி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் கைதட்டக் காத்திருந்தார்கள். பாட்டை நிறுத்தச் சொன்னாய். நான் வழக்கம் போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்து, கண்ணாடி போல்ட் ஒன்று லூசாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். விற்பனைப் பெண், சார் ரொம்ப கரெக்டா பார்க்கிறார் என்றாள். பிறகு அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓனர் சார் முன்னால் வாங்க என்று என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வண்டி என் பெயரில் அல்லவா? நீ ஒதுங்கி நின்றாய். அந்தப் போட்டோவைப் போனில் அனுப்பினார்கள். உடனே அழித்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக நூம்பல் போகலாம் என்றாய். உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வேலப்பன்சாவடி நெரிசலில் நீ எவ்வளவு நிதானமாக ஓட்டினாய் என்று அன்றுதான் பார்த்தேன். உன்னைப் பற்றி நான் பயந்த அளவுக்கு உன்னைக் கவனித்ததில்லை. தாமுவின் அம்மா வெளியே வந்து, சீட்டின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தடவினாள். "பின்னாடி ஆள் குந்தலாமா?" என்று கேட்டாள். குந்தலாம் என்றாய். அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும் வழியில்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உள்ளுக்குள் முடிவு செய்தேன்.

நேற்று நீ ரெயின்கோட் வாங்கப் போன நேரத்தில் நான் தனியாக நூம்பல் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே, உட்காருங்க என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாக்கரைச் சொன்னேன், போனில் சொன்ன பொய்யைச் சொன்னேன், டீயைச் சொன்னேன். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாளியில் இருந்த துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டு முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

"அன்னிக்கி அவன நான் இன்னா கேட்டேன்னு ஞாபகம் கீதா உனுக்கு? பக்கத்துலதான நின்னுகினு இருந்த?"

இருக்கிறது என்றேன். அண்ணே என்று கூப்பிட்டவள் நீ என்று பேசினாள். அதுதான் சரி.

"அவன் கெளம்பறதுக்குள்ள சொல்லிடு. சொல்லிட்டு அவன இங்க அனுப்பு. நான் கேட்டத நானே திரும்ப வாங்கிக்கணும். நீ வராத. இனிமே இந்த ஊட்டுப் பக்கம் நீ வரக் கூடாது."

அதனால்தான் இன்று எழுதுகிறேன். இதில் என்னை மன்னித்துவிடு என்று எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கேட்க வாய் இல்லை. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இதுதான் இருப்பதிலேயே மோசமானது. அன்று நீயும் போயிருந்தால் நீயும் விழுந்திருப்பாய் என்று எனக்குள் ஒரு குரல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாமு இறந்த செய்தி வந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நீ குளியலறையில் இருக்கிறாய் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காக இன்னொருத்தியின் மகன் வெயிலில் கிடந்தான். இது தெரிந்தும் நீ உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்களுக்காகப் பயப்படுவாய். பயந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். கத்து, அழு, வண்டிக்குக் குறுக்கே நில். அவர்களுக்குத் தெரியாமல் மட்டும் எதையும் செய்யாதே. அவர்கள் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று நீ நினைக்கிற நேரத்தில்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அம்மாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்கிறேன். அவள் கோவிலுக்குப் போகும் முன் சொல்லிவிட வேண்டும்.

போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. தாமுவோடு போகாமல் விட்டது நீ இல்லை, உன்னைப் போக விடாமல் செய்தவன் நான். இது தெரிந்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போ. குற்றவாளியாகப் போகாதே, கூட்டாளியாகப் போ. கிளம்பும் முன் நூம்பலுக்குப் போய் அவன் அம்மாவைப் பார். போகிற வழியில் தினமும் அம்மாவுக்குப் பேசு. எனக்குப் பேச வேண்டாம். மலையைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வா. இந்த வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

உன் அப்பா